இடக் கன்னத்து மச்சம்

ஜனவரி 12, 1934

என் அருமை நாத்தனார் பென்சிலுக்கு,

நானும் உன் அண்ணனும் இங்கே சௌக்கியம். ரயிலில் கொடி பிடித்து நின்று நின்று அவருக்குக் கால் வலி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகு வலி. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு நோயாளி தேறும். மற்றபடி குறைவில்லை. உன் கண் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கண்ணாடி நெகட்டிவ்மேல் குனிந்து மற்றவர்கள் முகத்துப் பருவையும் சுருக்கத்தையும் பென்சிலால் சரி செய்து ரீடச்சிங் வேலை பார்க்கிறாயே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணி ஒரு வழக்கைத் துப்பறிந்து முடித்துவிட்டாள், தெரியுமா? தலைமையாசிரியரின் மேல்கோட்டு நூலகத்தில் காணாமல் போய், அங்கே வேலை செய்யும் பெண்மேல் பழி விழுந்திருந்தது. பாவம், அழுதழுது அவள் மூக்கு சிவந்துவிட்டது. போன வாரம் கம்பவுண்டர் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கம்மா, நான் இளைச்சுட்டேன்" என்றார். காலரைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நான் போடும் குறுக்குத் தையல். தலைமையாசிரியருக்காக நானே வெட்டிய கோட்டு! தன்னுடையது என்று நினைத்து மாற்றி எடுத்துப் போயிருக்கிறார் மனிதர். தொளதொளவென்று இருக்கவும், உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பத்து நாளாக டானிக் குடித்தாராம்.

அன்றிலிருந்து உன் அண்ணன் என்னை "இன்ஸ்பெக்டரம்மா, சாப்பாடு ரெடியா?" என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். அங்கே ஏதாவது மர்மம் கிடைத்தால் உடனே எழுது. எனக்குக் கை பரபரக்கிறது.

உன் அண்ணி


ஜனவரி 30, 1934

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம், கண்ணும் நலம். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். மூன்றாவது வேளையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஸ்டூடியோவில் இருப்பதே முதலாளியும் நானுமாக இரண்டு பேர். அதில் அவரும் மகளின் பிரசவத்துக்காகப் பத்தாம் தேதி ஊருக்குப் போய்விட்டார், அடுத்த மாதம்தான் வருவார். அதனால் கேமராவும் நானே, இருட்டறையும் நானே, வாசலில் "வாங்க வாங்க" சொல்வதும் நானே.

மர்மம் கேட்டீர்களே, ஒன்று இருக்கிறது. தந்தி ஆபீசில் வரும் தந்திகளை எழுதி எடுக்கும் ஒரு பெண், இருபத்தொரு வயது. அப்பா அம்மா இருவரையும் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இழந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள், அந்தப் பெரியம்மாவும் போன வருஷம் போய்விட்டார். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, பதினாறு வயதில் கப்பல் தச்சர்களோடு சேர்ந்து வெளியே போனவன். அவள் மனதில் அவன் முகமே இல்லை. கிளம்பும் முன் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். அதைச் சுவரில் மாட்டி, வேலைக்குப் போகும்போது "போயிட்டு வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகிற பெண் அவள்.

போன வாரம் ஒருவர் வந்து, நான்தான் உன் அண்ணன் என்று அவள் வாசலில் நின்றிருக்கிறார். வீட்டுக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். அப்பா பெயர், அம்மா பெயர், பழைய தெரு எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் அதெல்லாம் அந்தத் தெருக்காரர் எவருக்கும் தெரிந்ததுதானே. படத்தில் இடக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே மச்சம். வந்தவருக்கோ வலக் கன்னத்தில்! முகத்தைக் கேட்டால், பதினாறு வயது முகமும் முப்பத்து மூன்று வயது முகமும் ஒன்றாகவா இருக்கும்?

படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். இங்கே பார்த்துவிட்டு, இவர் அவரில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தார்.

அவர் ஏமாற்றுக்காரர் மாதிரி தெரியவில்லை, அண்ணி. அதுதான் மர்மம். அண்ணனின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் பென்சில்


பிப்ரவரி 10, 1934

பென்சிலம்மா,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகமென்றுதான் எடுத்துக்கொள்கிறேன், நீதான் மூன்றாவது வேளையைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாயே.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஐந்தாவது முறை படிக்கும்போது இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் முதுகைத் தீய்த்துவிட்டது. அந்தப் பாவம் உன்னைச் சேரும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஏமாற்ற வருகிறவன் மச்சத்தை வரைந்துகொண்டா வருவான்? அப்படியே வரைந்தாலும் படத்தைப் பார்த்துச் சரியான கன்னத்தில் வரைய மாட்டானா? தப்பான கன்னத்தில் மச்சத்தோடு வந்து நிற்கிறான் என்றால் அவன் ஒன்று உலக மகா முட்டாள், இல்லையென்றால் உண்மையான ஆள்.

அந்தப் படத்தைப் பற்றி எனக்கு முழுசாக எழுது. எப்படி உட்கார்ந்திருக்கிறான், என்ன போட்டிருக்கிறான், கை எங்கே, பை எங்கே, எதையும் விடாதே. முகத்தை விடு, முகம் உன் இலாகா. எனக்குக் கழுத்துக்குக் கீழேதான் கண் தெரியும். படத்தைப் பார்த்ததும் வந்தவர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன, அதையும் எழுது.

உன் அண்ணன் உனக்கு முத்தம் அனுப்புகிறார். "இந்த வம்பெல்லாம் எதுக்கு" என்றும் சொல்லச் சொன்னார். முத்தத்தை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு.

உன் அண்ணி


பிப்ரவரி 26, 1934

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. முதலாளி போன வாரம் திரும்பி வந்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவரே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். பதினேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

படத்தை அவள் வீட்டுச் சுவரில் மறுபடி பார்த்துவிட்டு வந்து, கேட்டதை எழுதுகிறேன். முக்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறான். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு அழுத்தி வாரியிருக்கிறான், இடது காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் அடங்காமல் நிற்கிறது. அடர்ந்த நிறக் கோட்டு, எங்கள் ஸ்டூடியோ கோட்டு. சொந்தக் கோட்டு இல்லாதவர்களுக்குப் போட்டுவிடுவோம். யாருக்கும் அளவு சரியாக இருக்காது, முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்கிவிடுவோம். வலது மார்பில் மேல்பை, அதில் மூன்று மடிப்பாகக் கைக்குட்டை. இரண்டு கையும் முட்டிமேல். படம் துளி மங்கல்.

இடக் கன்னத்தில் மச்சம். பையனின் அம்மா அன்று, "எல்லாத்தையும் அழிங்க, அந்த மச்சத்தை மட்டும் தொடாதீங்க, அது அவங்கப்பா மச்சம்" என்று சொன்னார். இல்லாவிட்டால் அதைப் பென்சிலால் மறைத்திருப்பேன். அதனால்தான் அந்த முகம் எனக்கு அவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "இது நான்தான்! அப்படியே நான்தான்!" என்றார். மச்சம் பக்கம் மாறியிருப்பதைக் காட்டியதும் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஸ்டூடியோ கண்ணாடி முன்னால் போய் நின்றார். "ஒண்ணும் மாறலியேம்மா, படத்துல இருக்கிற பக்கம்தானே இருக்கு?" என்றார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகம் கெட்டியாகிவிட்டது. கண்ணெதிரே பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவள் பெரியம்மா சாகும்போது, "உறவுன்னு சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் கதவைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் இப்போது துறைமுகத்துத் தச்சுப் பட்டறையில் வேலை செய்கிறார். தினம் ஒரு தடவை தந்தி ஆபீசுக்கு எதிர்ப்புறம் நின்றுவிட்டுப் போகிறாராம். தெருவைத் தாண்டி வருவதில்லையாம்.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

பென்சில்


மார்ச் 8, 1934

பென்சிலே, பென்சிலே!

முதுகாவது வலியாவது! நான் இப்போது நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

வலது மார்பில் மேல்பை என்று எழுதியிருக்கிறாய். நன்றாகப் பார்த்துத்தான் எழுதினாயா? இருபது வருஷமாகக் கோட்டு வெட்டுகிறேன். மாப்பிள்ளைக்கு வெட்டியிருக்கிறேன், நீதிபதிக்கு வெட்டியிருக்கிறேன், சர்க்கஸ்காரனுக்குக்கூட ஒன்று வெட்டியிருக்கிறேன். ஒருவனுக்கும் வலது மார்பில் பை வைத்ததில்லை. மேல்பை இடப் பக்கம்தான், எந்தத் தையற்காரரும் வேறு மாதிரி வைக்க மாட்டார்.

அந்த ஸ்டூடியோ கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறதா? தொங்கினால் எழுந்து போய் அதைப் பார். பிறகு படத்தைப் பார். பொத்தான் எந்தப் பக்கம், காஜா எந்தப் பக்கம் என்றும் பார்த்துவிட்டு எழுது. அதற்குமுன் நான் வாயைத் திறக்க மாட்டேன். துப்பறிகிறவர்கள் கடைசிவரை சொல்ல மாட்டார்கள், அதில்தானே மரியாதையே இருக்கிறது.

இன்னொன்று. ஜனவரி கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஸ்டூடியோவில் இரண்டே பேர், முதலாளி பத்தாம் தேதியே ஊருக்குப் போய்விட்டார் என்றாய். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள். அவரில்லை என்று "சொல்லிவிட்டார்கள்" என்கிறாயே, யாரம்மா அந்த "ஆர்கள்"? நான் கேட்கவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது.

அன்போடு,
அண்ணி


மார்ச் 20, 1934

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன். இங்கே வெயில் அதிகமாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுக்கும் காலம், வேலை நெருக்குகிறது. நீங்கள் அனுப்பிய சட்டைத் துணி நல்ல நிறம்.

அந்தத் தச்சர் ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். ஏப்ரல் 21, சனிக்கிழமை கிளம்புகிறார். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்.

வேறு விசேஷமில்லை. அண்ணனுக்கு என் அன்பு.

பென்சில்


மார்ச் 27, 1934

என் கண்ணு பென்சிலுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒன்பது வரி. கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை, கேலி ஒன்று இல்லை, முதுகை விசாரிக்கவில்லை. உன் அண்ணனே படித்துவிட்டு, "என்ன இவ, ரயில்வே நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கா" என்றார். அவருக்கே தெரிகிறதென்றால் பார்த்துக்கொள்.

நீ போய்ப் பார்த்திருக்கிறாய். பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கிறது. அதனால்தான் ஒன்பது வரி. சரி, நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் இடவலம் மாறி அச்சான படம். பை பக்கம் மாறியிருந்தால் மச்சமும் மாறியிருக்கிறது. அந்த மனிதர் பொய் சொல்லவே இல்லை. அவர் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார், கண்ணாடியும் இடவலம் மாற்றித்தானே காட்டும்! அதனால் அந்தப் படம் அவருக்கு அச்சு அசல் தானாகத் தெரிந்திருக்கிறது. ஐயோ பாவம், தன் முகத்தைத் தானே சந்தேகப்படும்படி ஆக்கிவிட்டீர்களே!

இப்போது உனக்கு ஒரு கதை சொல்கிறேன், இதை உன் அண்ணனுக்குக்கூடச் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளைக் கோட்டு வெட்டினேன். இரண்டு கையும் இடக் கை! மாப்பிள்ளை போட்டுப் பார்க்கிறான், வலது கை பின்னாலேயே போகிறது. "உங்க தோள்பட்டை கொஞ்சம் கோணல்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பையன் நம்பிவிட்டான், முகம் சுண்டிப்போயிற்று. தாங்க முடியாமல், வாசல்வரை போனவனை ஓடிப்போய்ப் பிடித்து, "தோள் இல்லப்பா, நான்தான் கோணல்" என்றேன். அவன் திட்டினான். நன்றாகத் திட்டினான். திட்டி முடித்தபின் எனக்குப் பசித்தது, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிடு. இருபத்தொன்றாம் தேதிக்கு இன்னும் நாளிருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 11, 1934

அன்புள்ள அண்ணி,

நலமில்லை. காய்ச்சலெல்லாம் இல்லை, மனசுதான்.

அவரில்லை என்று சொன்னது நான். நீங்கள் ஜனவரிக் கடிதத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள், எனக்காகக் காத்திருந்தீர்கள் என்று தெரியும். இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நீங்களும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். பதினேழு வருஷத்துக்கு முன் அந்தப் படத்தை அச்சிட்டதும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். முதலாளி வெளியே போயிருந்தார். நெகட்டிவில் மருந்து பூசிய பக்கம் காகிதத்தைத் தொட வேண்டும். நான் கண்ணாடிப் பக்கத்தை வைத்து அழுத்திவிட்டேன். படம் இடவலம் மாறி, கொஞ்சம் மங்கலாக வந்தது. அந்த அம்மா, "ஏன் மங்கலா இருக்கு?" என்று கேட்டார். "பையன் அசைஞ்சுட்டான்" என்றேன்.

பிறகு எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று கேட்பீர்கள். நாங்கள் பென்சில் வேலை செய்வது மருந்துப் பக்கத்தில். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லா முகமும் இடவலம் மாறித்தான் தெரியும். பதினேழு வருஷமாக ஊரில் பாதிப் பேரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தெருவில் நேரே பார்க்கும்போதுதான் அவர்கள் கோணலாகத் தெரிவார்கள். அந்தப் பையன் முகமும் எனக்கு மாறிய முகமாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது, படமும் அதோடு ஒத்துப்போயிற்று. அதனால் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். "நூத்துக்கு நூறு, இவரில்லை" என்றேன், அண்ணி.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே தந்தி ஆபீசுக்குப் போனேன். சன்னல் வழியாக, "என்னக்கா வேணும்?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். பக்கத்துச் சன்னலில் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனேன், ஸ்டாம்பு. திங்கள்கிழமை போனேன், ஸ்டாம்பு. சாகும்வரை உங்களுக்குக் கடிதம் போட்டாலும் தீராத அளவுக்கு ஸ்டாம்பு இருக்கிறது என்னிடம்.

முதலாளி பெயர்ப் பலகையில் என்னையும் சேர்க்கலாம் என்று பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். "உன் கண்ணுதாம்மா இந்த ஸ்டூடியோ" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. அவள் என்னிடம் நன்றி சொன்னாளே, அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நாளை கட்டாயம் சொல்லிவிடுவேன்.

பென்சில்


தந்தி
ஏப்ரல் 18, 1934, காலை 10.40
பெறுநர்: ரீடச்சிங் அம்மா, ஸ்டூடியோ

அவர் அவளுடைய அண்ணனேதான். படம் இடவலம் மாறிய படம். கோட்டு சாட்சி. கப்பல் சனிக்கிழமை. இந்தத் தந்தியை எழுதி எடுக்கும் பெண்ணுக்கு என் ஆசி. அண்ணி


ஏப்ரல் 19, 1934

அண்ணி! அண்ணி! பொல்லாத அண்ணி!

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், இப்படியெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நோயும் வராது.

நேற்று காலை பதினொரு மணிக்கு ஒரு குழந்தையைச் சிரிக்க வைத்துப் படமெடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். கதவு தடாலென்று திறந்தது. அவள்தான். வேலை நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லாத பெண், தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறாள். "அக்கா, இது உங்களுக்கு வந்த தந்தி. நான்தான் எழுதி எடுத்தேன். தப்பா எழுதிட்டேனோன்னு மூணு தடவை திரும்ப அனுப்பச் சொன்னேன். மூணு தடவையும் இதேதான் வருது. இது என்னக்கா?"

குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்து வெளியே உட்காரச் சொன்னேன். முதலாளி இருட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியிலிருந்து கோட்டை எடுத்து நானே போட்டுக்கொண்டேன். மேல்பைமேல் கை வைத்து, "இது எந்தப் பக்கம்?" என்றேன். "இடது" என்றாள். "உங்க வீட்டுப் படத்துல?" அவள் யோசிக்கவே இல்லை. அந்தப் படத்தின் ஒவ்வொரு நூலும் அவளுக்கு மனப்பாடம். "வலது" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அதை மாத்தி அச்சடிச்சது நான். மங்கலா வந்ததுக்கு உங்கம்மாகிட்ட பொய் சொன்னதும் நான். ஜனவரியில, இவரில்லன்னு சொன்னதும் நான். ஒரு மாசமாத் தெரிஞ்சும் ஸ்டாம்பு வாங்கிட்டு ஓடி வந்ததும் நான்தாம்மா."

அவள் திட்டினாள், அண்ணி. நன்றாகத் திட்டினாள். "நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா அவர் மூஞ்சில கதவைச் சாத்தினேன்! தினமும் எதிர்ல வந்து நிக்கறாரே, ஒரு நாள் போலீசைக் கூப்பிடறேன்னுகூடச் சொல்லிட்டேனே!" என்று அழுதாள். நான் தலையைக் குனிந்து நின்றேன். திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "வாங்க. நீங்களும் வரணும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

துறைமுகப் பட்டறைக்கு ஓடினோம். கோட்டைக் கழற்ற மறந்துவிட்டேன், வெயிலில் ஆண்பிள்ளைக் கோட்டோடு நான் ஓடியதை ஊரே பார்த்தது. அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றடி தள்ளி நின்றுவிட்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அண்ணா" என்றாள்.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். "மூணு மாசமா ஷேவ் பண்ணும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்து, நீ யாருடான்னு கேட்டுட்டிருக்கேன். எனக்கே இப்ப நிச்சயமில்லை." அவள் சிரித்தாள், அழுதாள், மரத்தூளோடு அவரைக் கட்டிக்கொண்டாள். பட்டறையில் வேலை நின்றுபோய்விட்டது. அங்கிருந்த அத்தனை தச்சர்களுக்கும் அன்று கண்ணில் தூசி விழுந்திருந்தது.

முதலாளி நேற்று அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. இன்று காலை, "அந்த நெகட்டிவ் எந்தப் பெட்டில இருக்குன்னு தேடு" என்று மட்டும் சொன்னார். பெயர்ப் பலகைப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்று மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அவள்தான் அந்தத் தந்தியை எழுதி எடுப்பாள் என்று தெரிந்தேதானே அனுப்பினீர்கள்?

உங்கள் பென்சில்


ஏப்ரல் 28, 1934

பென்சிலம்மாவுக்கு,

உடம்பெல்லாம் சுகம், மனசும் சுகம். தெரிந்தேதான் அனுப்பினேன். "நாளை கட்டாயம்" என்று நீ எழுதிய அன்றே தெரிந்துவிட்டது, நீ ஸ்டாம்புதான் வாங்கப் போகிறாய் என்று. ஆனால் நான் சொன்னது படத்தின் கதையை மட்டும்தான். யார் செய்தது என்று தந்தியில் ஓர் எழுத்து இல்லை, கவனித்தாயா? "யாரோ எப்பவோ பண்ணின தப்பு" என்று நீ தப்பித்திருக்கலாம். அந்தக் கதவை உனக்காகத் திறந்தே வைத்திருந்தேன். நீ அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் படித்ததும் கையிலிருந்த தையலைப் போட்டுவிட்டு, அந்த இடத்தை மறுபடி படித்தேன்.

உன் அண்ணன் கடிதத்தை உரக்கப் படித்தார். கோட்டோடு நீ ஓடிய இடத்தில் நிறுத்தி, இரண்டு முறை படித்தார். பிறகு, "என் தங்கச்சி" என்றார். அன்று முழுக்க என்னை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடவும் இல்லை, எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

கப்பல் என்ன ஆயிற்று, அதை எழுதவே இல்லையே!

அண்ணி


மே 24, 1934

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம், நிஜமாகவே சௌக்கியம். கப்பல் சொன்ன தேதியில் போய்விட்டது. தச்சர் போகவில்லை. கப்பல்காரர்கள் திட்டிக்கொண்டே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பெரியம்மா இருந்த அறை இப்போது அவருக்கு.

இன்று மதியம் அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. இன்னும் ஏதாவது தப்பு செய்து வைத்திருக்கிறேனோ என்று நினைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கண்ணனைப் பத்தி உங்ககிட்ட சொல்லியே ஆகணும்க்கா. வீடு பூரா மரத்தூள். செருப்போடயே உள்ள வராரு. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு நூறு தடவை சொல்லிட்டேன், போட்டுட்டுத்தான் மறுவேலை. நல்லா இருந்த கதவைக் கழட்டி, இது கோணல்னு இழைச்சுக்கிட்டிருக்காரு, ரெண்டு நாளா வீட்டுக்குக் கதவே இல்லை. கேட்டா, நீ சின்னப் பொண்ணு சும்மா இருங்கறாரு. நானாக்கா சின்னப் பொண்ணு?"

கையிலிருந்த நெகட்டிவை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அரை மணி நேரம் விடாமல் குறை சொன்னாள். "எங்கண்ணன் இப்படித்தான்", "எங்கண்ணனுக்குச் சொன்னாப் புரியாது", "எங்கண்ணனைத் திருத்தவே முடியாது". தந்தி ஆபீஸ் நேரமாகிவிட்டது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். எழுந்தவள், வாசலில் நின்று, சொல்ல மறந்துபோன இன்னும் இரண்டு குறையையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

உங்கள் பென்சில்